ஹில்மிக்கு விட்ட படி

என் தங்கை ஸும்ரோத்துன் யாரும் எதிர்பாராமல் வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். அவளைக் கேட்டால் ஒன்றும் இல்லை என்பாள்.

அவள் பிறந்த நாளின் எண்ணையும் முக்லிசினுடைய பிறந்த நாளின் எண்ணையும் கூட்டினால் சாவு என்று வருகிறது என அம்மா அழுதும், அவனையே கட்டிக்கொண்டாள். பதிமூன்று வருஷம் ஆகிறது. இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. படகில் ஏற்றி, கரையில் வண்டி பிடித்து, டெமாக் ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனபோது நாடி கிடைக்கவில்லை என்றார்கள். பதினோராம் நாள் நடந்து வீட்டுக்கு வந்தாள். உரித்த சிப்பிச் சதையை ஒரு மணி நேரம் வடியவிட்டு எடைபோட்டுக்கொண்டிருந்த தரகனை, உரித்த கையோடு எடைபோட வைத்தாள். அன்றைக்கு இருபத்தாறு பெண்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். முதலில் வைத்தவள் அவள். எங்கள் வரிசையில் நாற்பத்து மூன்று வீடுகள் இருந்தன. கடல் ஏறி ஏறி முப்பத்து நான்கு குடும்பங்கள் கூரை ஓடுகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டன. நிற்கிற ஒன்பதில் அவளுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. நாலாவது பிள்ளையைக் காய்ந்த தரைக்குக் கொண்டுவந்தாள். அந்தப் பிள்ளையின் பானைக்கு மேல் முப்பத்தைந்து நாளும் விளக்கு அணையவில்லை.

கடைசி இரண்டையும் வெல்ல அவள் எதைக் கொடுத்தாள் என்பதுதான் நான் எழுத வந்தது.

நான் ருக்கானா. அவளுக்கு நாலு வயது மூத்தவள். ஜாவாவின் வடகரையில், செமாராங் பக்கம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறேன். காலர் இரண்டு மில்லிமீட்டர் கோணினாலும் திருப்பி அனுப்புவது என் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்துபோகும். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தேன். அவள் ஒன்றாம் வகுப்பில் பாதி. அப்பா இறந்த வருஷம், ஒருத்தி பள்ளிக்குப் போகலாம், ஒருத்தி அம்மாவோடு மீனுக்குப் புகைபோட வேண்டும் என்று ஆனது. நான் பாதி தூரம் போயிருந்ததால் நானே போனேன். அவள் பெருவிரலை மையில் ஒற்றியே முப்பத்தைந்து வயதானாள்.

நாலாவது தங்கியிருக்கிறது என்று தெரிந்தது இந்த வருஷம் ஜனவரி மாதம், ஊரே மாக், அதாவது அம்மா, என்று கூப்பிடும் கஸ்மிராவின் கடையில். ஸும் தெம்பே என்கிற சோயாக் கட்டி வாங்கப் போயிருந்தாள். கூட நானும் இருந்தேன். வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாக் கஸ்மிரா தராசை அப்படியே நிறுத்தினாள்.

"ரெண்டு போதும்னு அரசாங்கம் தொண்டை கிழியக் கத்துது. உன் வீட்டுல யாருக்கும் எண்ணத் தெரியாதா?"

"எண்ணவெல்லாம் தெரியும் மாக். நிறுத்தத்தான் தெரியல."

கடையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மாக் கஸ்மிராவும் சிரித்தாள். சிரிப்பின் வாலிலேயே கேட்டுவிட்டாள்: "அப்போ இது மூணாவதுதானே இப்ப?"

சிரிப்பு நின்றது. ஸும் காசை எண்ணிப் பலகையில் வைத்தாள்.

"நாலாவது," என்றாள்.

அவளுக்கு மூத்தவன் தைஃபூர், பதினொரு வயது. அடுத்தது உல்ஃபா, ஏழு. மூன்றாவது ஹில்மி. அவன் போய் அப்போது இரண்டரை வருஷம் கடந்திருந்தது. பதினாலு மாதம் இருந்தான்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னறை, பின்னறை, அதற்குப் பின்னால் அடுப்பு வைக்கிற பலகை. அவ்வளவுதான். எங்கள் ஊரில் நிலம் இறங்கிக்கொண்டே போகும், கடல் ஏறிக்கொண்டே வரும். அதனால் சில வருஷத்துக்கு ஒரு தடவை செம்மண் கொண்டுவந்து கொட்டித் தரையை உயர்த்துவோம். கூரை அங்கேயேதான் இருக்கும். ஸும் வீட்டு வாசற்கால் கட்டும்போது இரண்டு மீட்டர். இப்போது ஒரு மீட்டர் நாற்பத்தாறு. முக்லிசின் ஒரு மீட்டர் அறுபத்தெட்டு. பிளைவுட் தொழிற்சாலையிலிருந்து வந்து உள்ளே நுழையும்போது தினமும் ஒரு வணக்கம் வைத்துத்தான் நுழைவான். "வீட்டுக்கு இவ்வளவு மரியாதை குடுக்குற ஆம்பள இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தான்," என்பான்.

முன்னறையைப் போன வருஷமே உயர்த்திவிட்டார்கள். பின்னறை மட்டும் பழைய மட்டத்தில் கிடந்தது. மூன்று மீட்டருக்கு இரண்டரை. கடல் மட்டமே ஏறி வருகிற பெரிய அலை நாட்களில் அதற்குள் தண்ணீர் வந்துபோகும். அதை உயர்த்த ஸும் விடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை. நாலு பேரும் முன்னறையில் வரிசையாகப் படுத்தார்கள். நான் அளந்து பார்த்தேன். இன்னொரு உயிருக்கு இடம் என்றால், தைஃபூரின் கால் வாசலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிரசவம் ஜூன் கடைசியில். ஜூன் எங்களுக்குப் பெரிய அலை மாதம். பின்னறை காயாமல் பிள்ளையைக் கொண்டுவர முடியாது.

ஸும்முக்கு வரவுசெலவு ஏடு கிடையாது. மூன்று பிஸ்கட் டின்கள். நெளிந்த டின்னில் மண்ணுக்கு, மூடி துருப்பிடித்ததில் பிரசவத்துக்கு, பெரியதில் அரிசிக்கு. ஒன்று குறைந்தால் இன்னொன்றில் கைவைக்க மாட்டாள். அந்த வாரம் சிப்பி கூடுதலாக உரிப்பாள். வாரத்தில் ஐந்து நாள் தெம்பே, ஒரு நாள் மீன்தலை, ஒரு நாள் மிளகாயும் உப்பும். நான் தொழிற்சாலையில் தள்ளுபடியான துணியை வாங்கிவந்து பன்னிரண்டு சுற்றுத்துணி வெட்டி ஓரம் அடித்தேன். முக்லிசின் சுவரில் பலகை அடித்துத் துணி வைக்க இடம் செய்தான். எல்லாம் நடந்தது. பின்னறை மட்டும் நடக்கவில்லை.

நாலாவதாக ஒரு டின் உண்டு. அதில் காசு இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹில்மி பிறந்தது 2019 மார்ச்சில். பிள்ளைக்குப் பின்னால் வருகிற நஞ்சுக்கொடியை நாங்கள் பிள்ளையின் தம்பி என்போம். கழுவி, உப்பும் மஞ்சளும் போட்டு, மண்பானையில் வைத்து, வாசல் பக்கம் புதைத்து, மேலே கூடையைக் கவிழ்த்து, முப்பத்தைந்து நாள் விளக்கு எரிய வேண்டும். பானைக்குள் ஸும் ஒரு பென்சிலும் ஒரு துண்டுத் தாளும் போட்டாள். "நான் தொடாதத இவன் தொடட்டும்," என்றாள்.

வெளியே எங்கும் தண்ணீர். அதனால் பின்னறையில் பின்கதவை ஒட்டிப் புதைப்பது என்று ஆனது. எந்த மட்டத்தில் என்று என்னைக் கேட்டார்கள். முந்தின வருஷம் தண்ணீர் ஏறிய உச்சத்தில் பின்கதவு நிலையில் நான் ஒரு ஆணி அடித்து வைத்திருந்தேன். அந்த ஆணிக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் மேலே பானை இருந்தால் போதும், கடல் தொடாது என்று சொன்னேன். முக்லிசின் மேடு கட்டி அப்படியே புதைத்தான்.

பத்தொன்பதாம் நாள் தண்ணீர் வந்தது. விளக்கு அணைந்தது. மேடு கரைந்தது. கூடை மூன்று வீடு தள்ளித் தூணுக்கடியில் கிடந்தது. பானை கிடைக்கவில்லை.

வீடு இறங்கும்போது ஆணியும் கூடவே இறங்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. பத்து மாதத்தில் வீடு ஏறக்குறைய ஒன்பது சென்டிமீட்டர் இறங்கியிருந்தது; மிச்சமிருந்த மூன்றை அந்த வருஷத்து அலை தாண்டியது. ஆணி அப்படியே அதே இடத்தில் இருப்பதுபோல் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. காலர் அளக்கிற நான் செய்தேன்.

அடுத்த வருஷம் மே மாதம் ஹில்மிக்குக் காய்ச்சல் கண்டது. நாலு நாள். ஐந்தாம் நாள் அவனை அடக்கிவிட்டுக் கபர்ஸ்தானிலிருந்து திரும்பும்போது மாக் கஸ்மிரா யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது: "தம்பி கூப்பிட்டான், அண்ணன் போயிட்டான்." ஸும்மின் காதிலும் விழுந்திருக்க வேண்டும், அவள் எனக்கு ஓரடி முன்னால்தான் நடந்தாள். ஆணியைப் பற்றி அவள் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அதைப் பிடுங்கவும் இல்லை. அதில் அடுப்படித் துண்டை மாட்டிவைத்தாள். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் அந்தத் துண்டைப் பார்ப்பேன்.

அதற்கப்புறம் கபர்ஸ்தானுக்குள்ளும் கடல் வந்தது. முதல் வருஷம் வந்துபோனது. அடுத்த வருஷம் வந்து தங்கிவிட்டது. ஹில்மியின் கபரில் நட்ட கட்டை இப்போது தண்ணீருக்குள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். பின்னறைக்குள் தண்ணீர் வருகிற நாளில், பிற்பகல் மூன்று, நாலு மணிக்கு, ஈரத்தரையில் ஒரு சத்தம் கேட்கும். ளப், ளப், ளப். பிறகு நின்றுவிடும். ஹில்மி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். மூன்று அடி வைப்பான், உட்கார்ந்துவிடுவான். கதவின் அடிப்பலகை தண்ணீரில் ஆடுகிற சத்தம் என்று நான் சொன்னேன். மூன்று அங்குல ஆணி நாலு அடித்து அந்தப் பலகையை இறுக்கினேன். அதற்குப் பிறகும் கேட்டது.

அந்த வருஷம் நோய்க்குப் பயந்து அலுவலகங்கள் மூடிக் கிடந்தன. ஹில்மி போனதை யாரும் பதியவில்லை. திறந்த பிறகும் ஸும் போகவில்லை. அதனால் குடும்ப அட்டையில் அவன் இருந்தான். அட்டையில் இருப்பவன் வளர்வான் அல்லவா? எடை பார்க்க ஏன் கொண்டுவரவில்லை என்று சுகாதாரப் பெண் பட்டியலோடு வந்தாள்; பக்கத்து ஊர்க்காரி, தெரியாது. புழு மாத்திரைக்குப் பேர் வந்தது. இந்த மே மாதம் மழலைப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது: நாலு வயதாகிவிட்டது, சேர்க்க வாருங்கள் என்று. ஒவ்வொரு காகிதத்தையும் ஸும் வாங்கி மடித்து நாலாவது டின்னில் வைத்தாள். வந்தவர்களிடம் அவன் இல்லை என்று சொன்னதில்லை. "இப்ப வீட்டுல இல்ல," என்று மட்டும் சொல்வாள்.

மே பதினாலு, ஞாயிறு. ஆறு படகுச் செம்மண் வந்து பின்பக்கம் நின்றது. நெளிந்த டின் காலி. ஸும் எட்டு மாத வயிற்றோடு பின்னறையின் கதவு மூலையில் உட்கார்ந்து, சிப்பிக் கூடையை மடியருகே வைத்து உரித்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரு ஸும். மண்ணு வெயில்ல காயுது," என்றான் முக்லிசின்.

"காயட்டும்."

"படகுக்காரன் நிக்கிறான்."

"டீ குடு."

"மூணு கிளாஸ் ஆச்சு. இன்னொண்ணு குடுத்தா படகு இல்லாமலே மிதப்பான்."

அவள் சிரிக்கவில்லை. கத்தி ஓட்டுக்குள் நுழைந்து திரும்பிக்கொண்டிருந்தது. முக்லிசின் என்னைப் பார்த்தான். நான் குனிந்து உள்ளே போனேன்.

"ஸும், இந்த மாசம் விட்டா அலை வந்துரும்."

"எவ்வளவு ஒசத்துறீங்க?"

"முப்பத்தஞ்சு."

"முப்பத்தஞ்சுன்னா பதினாலு மாசப் பிள்ளைக்கு எது வரைக்கும் வரும்? நீதான் அளக்கிறவளாச்சே, சொல்லு அக்கா."

எனக்குத் தெரியும். அவன் போவதற்கு முந்தின மாதம் சட்டை தைக்க அளந்திருந்தேன். எழுபத்து நாலு சென்டிமீட்டர். "இடுப்பு வரைக்கும்," என்றேன்.

"அவன் எப்படி ஏறுவான்?"

வெளியே மண்வெட்டியின் சத்தம் நின்றது. முக்லிசின் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கதவுக்கு வெளியே தண்ணீரில் நின்றபடியே சொன்னான், மெதுவாக: "ஸும், போனவன் போயிட்டான்டி."

"போயிட்டான்னா வர்றது யாரு? உங்க காதுல விழலையா?"

அவன் காதிலும் விழுந்திருக்கிறது.

பிறகு அவளே சொன்னாள். "ஒரு படி விடுங்க. இந்தக் கதவுகிட்ட. பழைய மட்டத்துல. மத்ததெல்லாம் ஒசத்திக்கோங்க."

"படி விட்டா தண்ணி உள்ள வரும்," என்றான் முக்லிசின்.

"படி வரைக்கும் வரட்டும்."

"யாரும் இப்படிக் கட்ட மாட்டாங்க. கொத்தனார் என்னப் பார்த்துச் சிரிப்பான்."

"சிரிச்சா கூலியில கழிச்சுக்கோங்க," என்று சொல்லி என் பக்கம் திரும்பினாள். "நீ அள அக்கா."

நான் நாடாவைத் தொடவில்லை. "என் அளவு வேண்டாம் ஸும். என் அளவாலதான்..."

"தெரியும். ஆணியும் கூடவே இறங்குச்சு. நானும் அந்த ஆணியப் பார்த்துத்தானே சரின்னு சொன்னேன். எனக்கும் கண்ணு இருந்துச்சே." கத்தியைக் கீழே வைத்தாள். "நீயே அள. இந்தத் தடவ வீட்டப் பார்த்து அளக்காத."

நாலு வருஷம் நான் காத்திருந்த பேச்சு அவ்வளவுதான். எழுந்து பாலத்துக்கு நடந்தேன்.

சாலைப் பாலத்தின் தூண் மட்டும் எங்கள் ஊரில் இறங்காதது, ஆழத்தில் நிற்கிறது. அதில் இதுவரை ஏறிய பெரிய அலையின் கறுப்புக் கோடு உண்டு. அன்று நாலு மணிக்குத் தண்ணீர் ஏறி அசையாமல் நின்ற நேரத்தில், கோட்டிலிருந்து தண்ணீர் வரை எவ்வளவு என்று அளந்தேன். அரை ஓட்டமாக வந்து அதே தண்ணீரிலிருந்து ஸும் வீட்டில் அளந்தேன். கறுப்புக் கோட்டுக்கு மேல் பதினெட்டு சென்டிமீட்டர் வைத்துப் புதுத் தரை. முப்பத்தைந்து போதவில்லை, நாற்பத்தொன்று. வருஷத்துக்கு ஒன்பது இறங்கினால் இந்தத் தரைக்கு ஆயுள் இரண்டு வருஷம். அதையும் முக்லிசினிடம் சொன்னேன். "ரெண்டு வருஷத்துல நான் தவழ்ந்துதான் உள்ள வரணும்," என்றான். படி அறுபதுக்கு நாற்பது. கொத்தனார் சிரிக்கவில்லை. அவனுக்கும் அந்தக் கபர்ஸ்தானில் ஒருத்தர் இருக்கிறார்.

தரை முடிந்த ஒரு வாரத்தில் முக்லிசின் அடுத்த பேச்சை எடுத்தான். தொழிற்சாலை மருத்துவக் காப்பீடு மூன்று பிள்ளைகளுக்குத்தான். நாலாவதுக்குத் தனியாகச் சம்பளத்தில் பிடிப்பார்களாம். அலுவலகத்தில் அட்டையைப் பார்த்துவிட்டு, "மூணு பேர் இருக்காங்களே உனக்கு," என்றார்களாம்.

"காசு போகட்டும் ஸும். சிகரெட்ட விட்டா கட்டிடலாம்," என்றான். "அது இல்ல. வரப்போற பிள்ள வெளிய நிக்கணும், போனவன் உள்ள உக்காந்திருக்கணுமா?"

ஸும் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"கடல் பானைய எடுத்துச்சு. கபர எடுத்துச்சு. தரைய நீங்க எடுத்துக்கிட்டீங்க. மிச்சம் அந்த அட்டை ஒண்ணு. அதுலயும் அடிச்சிட்டா அவன் எங்க இருப்பான்?"

முக்லிசின் சாப்பிடாமல் வேலைக்குப் போனான். இரண்டு நாள் அந்த வீட்டில் தட்டுச் சத்தம் மட்டும்தான். நானும் போய் வாதாடவில்லை. அவள் கணக்கில் பிழை இல்லை. எடுத்தவற்றை எண்ணிச் சொல்லியிருந்தாள். ஆனால் பிள்ளை பிறக்க நாலு வாரம்தான் இருந்தது. இன்னொரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்ற எண்ணம் எங்கள் மூவருக்குமே இருந்தது.

ஜூன் இரண்டு, வெள்ளி. காலை ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு வந்தேன். அலை ஏறிக்கொண்டிருந்தது. ஸும் பின்னறையில், புதுத் தரையின் விளிம்பில், கால்களைப் படியில் விட்டு உட்கார்ந்திருந்தாள். உல்ஃபா தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சிமெண்ட் இன்னும் வெளுக்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் கதவுக்கடியில் வந்து, படியில் பரவி, ஸும்மின் விரல்களை மூடிக் கணுக்கால் வரை ஏறியது. அதற்கு மேல் ஏறவில்லை. நாடாவைப் போட்டுப் பார்த்தேன். தரைக்கு இன்னும் முப்பத்திரண்டு இருந்தது.

அப்போது கேட்டது. ளப். ளப். ளப்.

எங்கள் கால்கள் அசையவில்லை. பலகையில் என் நாலு ஆணியும் இருந்தன. தண்ணீர் எண்ணெய்போல் நின்றது.

உல்ஃபா தலை நிமிராமல், "தம்பி வந்துட்டான்," என்றாள். பென்சில் நிற்கவில்லை.

நாலாவது அடிக்காகக் காத்திருந்தேன். ஸும்மும் காத்திருந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவள் விரல்களில் அது தெரிந்தது. வரவில்லை. எப்போதும் வந்ததில்லை.

அலை இறங்கும்வரை அப்படியே இருந்தோம். படி வெறும் ஈரமாக ஆனதும் ஸும் எழுந்துபோய் நாலாவது டின்னைக் கொண்டுவந்தாள். மழலைப் பள்ளிக் கடிதத்தை எடுத்து உல்ஃபாவிடம் நீட்டினாள்.

"படி."

உல்ஃபா விரல் வைத்துப் படித்தாள். "ஹில்மி முபாரக். வயசு நாலு. ஒசரம்னு போட்டிருக்கு, எழுதல. எடை, எழுதல. வர்றப்ப காலணி போட்டுக்கிட்டு வரணுமாம்."

"நாலு வயசுப் பையன் எவ்வளவு ஒசரம் இருப்பான் அக்கா?"

"ஒரு மீட்டர் இருப்பான்."

"அப்போ இந்தத் தரைக்கு ஏறியிருப்பானே." படியையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஏறல பார்த்தியா. மூணு அடி வச்சான், உக்காந்துட்டான். என் பிள்ளைக்கு இன்னும் பதினாலு மாசம்தான். இந்தக் காகிதத்துல இருக்கிறவன் யாருன்னே எனக்குத் தெரியாது. காலணி போட்டுக்கிட்டு நடக்கிறானாம். என் பிள்ளைக்குக் காலணியே கிடையாது."

நான் நாடாவைச் சுருட்டினேன்.

"இவன் படியில இருக்கான். அட்டையில இருக்கிறவன் இவன் இல்ல. அவன் எடத்த நாலாவதுக்குக் குடுத்துருங்க." பிறகு சொன்னாள்: "ஆனா கைநாட்டு வைக்க மாட்டேன்."

"ஏன்?"

"ஆஸ்பத்திரியில நாடி இல்லாம கிடந்தப்ப என் விரல எடுத்து யாரோ தாள்ல ஒத்துனாங்க. எனக்கே தெரியாது. விரல யாரு வேணாலும் எடுத்து வைக்கலாம். இவன நான்தான் அனுப்புறேன்னு இருக்கணும்."

அன்றைக்கே எழுதப் பழகத் தொடங்கினாள். உல்ஃபா ஒரு தாளில் அம்மாவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள், எங்கள் ரோமன் எழுத்தில் எட்டு எழுத்து. ஸும் தாளில் எழுதவில்லை. தாள் வீணாகும் என்றாள். சிப்பி ஓட்டின் உள்பக்கம் வழவழப்பாக இருக்கும். அதில் அடுப்புக் கரியால் ஓட்டுக்கு ஒரு எழுத்து. பிடிக்காவிட்டால் பெருவிரலால் அழிப்பாள். மாலையில் எட்டு ஓடுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பாள். உல்ஃபா கண்டிப்பான வாத்தியார். "அம்மா, உன் ரெண்டாவது எழுத்து தூங்குது," என்பாள். மாக் கஸ்மிரா எட்டிப் பார்த்துவிட்டு, "சிப்பி விக்கிறியா, பேரு விக்கிறியா?" என்றாள். "ரெண்டும் கிலோ ஒரே விலைதான் மாக்," என்றாள் ஸும்.

பதினோரு நாள். நான் சம்பளமில்லாத விடுப்பு எடுத்து அவளோடு பதிவு அலுவலகத்துக்குப் போனேன். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அன்று செவ்வாய், எங்கள் ஐந்து நாள் சுற்றில் கிளிவோன். பெரிய காரியத்துக்கு அந்த நாள் கனமானது என்று அம்மா இருந்தால் தடுத்திருப்பாள். ஸும் கணக்குப் பார்க்கவில்லை.

அதிகாரி இளம் ஆள். வயிற்றைப் பார்த்து நாற்காலி போட்டார். தாளை நிரப்பினார்: பிறந்த தேதி, போன தேதி, ஊர். பிறகு மைப் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

"பெருவிரல் போதும் இபு," என்றார் மரியாதையாக.

"பேனா குடுங்க பாக்."

"இல்ல, பின்னால வரிச நிக்குது..."

"மூணு வருஷமா அவன் நின்னான் பாக். இவங்க கொஞ்சம் நிக்கட்டும்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள், உடனே அடங்கினார்கள். அதிகாரி பேனாவைக் கொடுத்தார். அவள் பிடித்த விதம் சிப்பிக் கத்தியைப் பிடிப்பதுபோல் இருந்தது. நாக்கு நுனி பற்களுக்கிடையில் தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்: ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. நடுவில் ஒரு தடவை நிறுத்தினாள். மூன்று எழுத்து ஆகியிருந்தது. அவள் மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். அவள் மறக்கவில்லை. எதையோ கேட்பதுபோல் தலையைச் சாய்த்திருந்தாள். பிறகு நாலாவது எழுத்தை எழுதினாள், அதன் பிறகு நிற்கவில்லை.

கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் வெளியே போயிருந்தது. காலராக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். தாளின் மேல் பக்கம் அவன் பெயர், கீழே அவள் பெயர். பக்கத்தில் தேதியை அதிகாரி முத்திரையால் அடித்தார்: 2023 ஜூன் 13.